பச்சைத் திரி கட்டிய பெட்டி

பட்டாசுக் கம்பெனிக்குப் புதிதாக போர்மேன் வேலைக்கு வருகிற பையன்களுக்கு இப்போது வகுப்பெல்லாம் நடக்கிறது. சுவரில் படம் காட்டுகிறார்கள். மின்விசிறி ஓடுகிறது. நடுவில் டீயும் பிஸ்கட்டும் தருகிறார்கள். போன மாதம் என்னையும் கூப்பிட்டு, "அண்ணாச்சி, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது, பந்தியில் உட்கார்ந்தவனிடம் பாயசம் வேண்டுமா என்று கேட்பது மாதிரி. நான் பேசினேன். பேசிக்கொண்டே இருந்தேன். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கி, எழுந்து, மறுபடியும் தூங்கினார்கள்.

கடைசியில் ஒரு பையன் எழுந்து, "அண்ணாச்சி, உங்க சர்வீஸ்ல நீங்க அனுப்புனதுலயே ரொம்பக் கஷ்டமான லோடு எது?" என்று கேட்டான். வடநாட்டுக்குப் போன பத்து லாரி, மழையில் நனைந்த ஆர்டர் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பான்.

"ஒரு பெட்டி" என்றேன்.

"கிஃப்ட் பாக்ஸா?"

"இல்லலே. சூட்கேஸ். உள்ள சுடிதாரும் பருப்புப்பொடியும்."

வகுப்பே சிரித்தது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இதில் ஒரு வசதி, நீங்கள் தூங்கினாலும் எனக்குத் தெரியாது.

நான் பெரிய படிப்பாளி இல்லை. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அதனால் அந்த ஒரு வகுப்பில் மட்டும் எனக்கு ஆழமான அறிவு உண்டு. திருத்தங்கல் பக்கம் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்கச் சேர்ந்து, பேக்கிங்கிற்கு மாறி, பரீட்சை எழுதி போர்மேன் ஆனேன். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஆனால் எங்கள் மேனேஜர் வேலாயுதம் சாருக்கு ஒரு கொள்கை. "தைரியசாலிய போர்மேனாப் போடக் கூடாது. பயந்தவன் கையில குடுத்தாத்தான் அம்புட்டு பேரும் பொழுதோட வீடு போய்ச் சேருவாக" என்பார். பயம்தான் தகுதி என்றால் அந்தத் தாலுகாவில் எனக்குப் போட்டியே கிடையாது.

வேலாயுதம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கதர்ச்சட்டை, வேட்டி. நடக்கிற சத்தம் கேட்காது. அவர் ஓடி நான் பார்த்ததில்லை, யாரையும் ஓடவும் விட்டதில்லை. பெட்டியைத் தரையில் இழுத்தால் அவருக்குப் பல் கூசும். ஒவ்வொரு அறையிலும் நாலு பேருக்கு மேல் இருந்தால் ஐந்தாவது ஆளின் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டே வெளியே கூட்டி வந்துவிடுவார். வந்த பிறகுதான் அந்த ஆளுக்கே விஷயம் தெரியும்.

அவரிடம் இன்னொரு விசேஷம். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் எங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கோபம் வந்துவிட்டால் 'அண்ணாச்சி' ஆகிவிடுவோம். இன்னும் கூடினால் 'ஐயா'. ஒரு தடவை ஒருத்தன் சட்டைப்பையில் செல்போனோடு உள்ளே வந்துவிட்டான். "ஐயா வாங்க, உக்காருங்க ஐயா, தண்ணி சாப்பிடுறீகளா ஐயா" என்றார். அவன் மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

மருந்து கலக்கும் அறை எங்கள் கம்பெனியின் கருவறை. ஊரில் வெடிமருந்தை வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். வெயில் ஏறும் முன், விடிந்தும் விடியாத நேரத்தில் அங்கே வேலை தொடங்கிவிடும். கலக்குகிற ஆள் வெறுங்காலோடு, பருத்தித் துணி மட்டும் உடுத்தி வருவார். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுப்பார். துணியில் உரசி உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் ஒரு பொறிக்குப் போதும். அது தகடு வழியாக மண்ணுக்குப் போய்விடும். அதற்கு முன் போர்மேன் அவரைச் சோதிக்க வேண்டும். சாவி, காசு, ஊக்கு, மோதிரம் ஒன்றும் இருக்கக் கூடாது. உள்ளே போய்விட்டால் பேச்சு கிடையாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் என்று ஒவ்வொன்றாகச் சலித்து, கையால் கலந்து, உடனுக்குடன் அனுப்பிவிட வேண்டும். எங்களுக்கு அந்த வேலையைச் செய்தவர் கருப்பையா. அலுமினியத் தூள் ஒட்டி, அவர் கை முழங்கை வரைக்கும் வெள்ளியாக மின்னும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும். "கோயில் சிலை மாதிரி இருக்கீக" என்று நான் கிண்டல் செய்தால், "அப்பம் ஒரு சூடத்தக் காட்டுங்க போர்மேன்" என்பார். மருந்து கலக்குகிற கைக்குச் சூடம் காட்டச் சொல்கிற துணிச்சல் அவருக்கு மட்டும்தான் உண்டு.

அவர் மனைவி பேச்சியம்மாள் எங்கள் பேக்கிங் அறையில் வேலை பார்த்தார். ஒரே மகள் மகேஸ்வரி. விருதுநகரில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தாள். ஒரு நாள் கருப்பையா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"போர்மேன், எம்.எஸ்சி.க்கு மேலயும் படிப்பு இருக்காமே?"

"இருக்கும் போலத்தான் தெரியுது."

"எம்புட்டு இருக்கும்?"

"பத்தாங்கிளாசுல ரெண்டு வருசம் உக்காந்திருந்தவன்கிட்ட வந்து கேக்குறீகளே."

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்க மகேசுக்கு இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகையும் அவர்களே தருவார்கள். என்ன ஆராய்ச்சி என்று அவளிடமே கேட்டேன்.

"சூடில்லாத வெளிச்சம் மாமா. விளக்குக்குள்ள பூசுற பொடி."

"அப்பனும் பொடி, மகளும் பொடி. உன் பொடி வெடிக்காதுல்ல தாயி?"

"வெடிச்சா பட்டம் குடுக்க மாட்டாக மாமா."

ஒரே ஒரு சிக்கல். குறித்த நாளுக்குள் அங்கே போய்ச் சேர்ந்து பதிய வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த நாளோ எங்களுக்கு நல்ல தீபாவளி சீசன். மூச்சு விட நேரமில்லாத மாதம். ஆனாலும் கம்பெனி ஆட்கள் எல்லோரும் சேர்ந்து மகேசுக்குப் பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கினோம். கறுப்புப் பெட்டி, அடியில் சக்கரம். அதைப் பேக்கிங் அறையில் ஒரு மேசைமேல் வைத்தோம். உற்சவர் புறப்பாடு மாதிரி கூட்டம். மகேசும் வந்திருந்தாள். வந்தவர் எல்லாம் தொட்டுப் பார்த்தார்கள். மூடுகிறதா என்று பார்க்க என்னை அதன்மேல் உட்காரச் சொன்னார்கள். கம்பெனியில் என் உடம்பால் ஆன உபயோகம் அது ஒன்றுதான்.

பெட்டியையும் அங்கேயே அடுக்கினோம். அடுக்குவதில் எங்களை மிஞ்ச முடியாது; அதுதானே தொழில். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி லேபிள் காகிதக் கழிவைத் திணித்தோம். பொடிப் பொட்டலங்களை, சரவெடி பின்னுகிற நூலால் பேச்சியம்மாள் கட்டினார். கடைசியாக, வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த கருப்பையா ஒரு முழம் பச்சைக் கயிற்றை எடுத்துக் கைப்பிடியில் சுற்றி, அழகாக ஒரு முடிச்சுப் போட்டார்.

"ஏர்போர்ட்டுல எல்லாப் பெட்டியும் கறுப்பாத்தான் வருமாம். நம்ம பெட்டி தனியாத் தெரியணும்ல."

நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினோம். பூக்கட்டுகிறவர் வீட்டில் வாழைநார் மாதிரி எங்களுக்கு அது. கண்ணில் தினமும் படுகிற பொருளைக் கண் பார்ப்பதில்லை.

அப்போதுதான் வேலாயுதம் சார் சுற்றி வந்தார். பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். கிட்டே வந்தார். சிரிப்பு நின்றது.

"கருப்பையா அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க ஐயா."

அண்ணாச்சியும் ஐயாவும் சேர்ந்து வந்து நாங்கள் கேட்டதே இல்லை. பெண்களின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இதக் கட்டுனது நீங்களா ஐயா?"

"ஆமா சார். அடையாளத்துக்கு."

"நல்ல முடிச்சு. இது என்னது?"

"கயிறு சா..."

கருப்பையாவின் வாய் பாதியில் நின்றது. ஆயிரக்கணக்கான வெடிகளுக்குப் போன அதே பச்சைத் திரி. நெருப்பு வைத்தால் எரிந்துகொண்டே போகிற மருந்துத் திரி. மகளை விமானத்தில் ஏற்ற, அதைக் கட்டி அனுப்ப இருந்தார்.

சார் யாரையும் திட்டவில்லை. திரியை அவரே அவிழ்த்துத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, எல்லோரையும் வெளியே மரத்தடிக்குக் கூட்டி வந்தார். போன வருஷம் எங்கள் முதலாளி வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது நடந்ததைச் சொன்னார். விமான நிலையத்தில் அவர் கைப்பெட்டியை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு மிஷினுக்குள் வைத்தார்களாம். மிஷின் கத்தியிருக்கிறது. பெட்டிக்குள் ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனி மேசையில் தினமும் இருந்த பெட்டி. கண்ணுக்குத் தெரியாத மருந்து ஒட்டியிருக்கிறது.

"என்ன வேலை பாக்குறீகன்னு கேட்டிருக்காக. நம்ம முதலாளி நெஞ்சை நிமித்தி, வெடி கம்பெனி ஓனருன்னு சொல்லிட்டாரு" என்றார் சார்.

யாரும் சிரிக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் ஒரு ரூம்ல உக்கார வச்சிட்டுத்தான் விட்டாக. பிளைட்டு போயிருச்சு. அவருக்கு அடுத்த பிளைட்டு இருந்துச்சு. இந்தப் பிள்ளைக்குத் தேதி போனா படிப்பு போயிரும்."

பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கருப்பையா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு மகேசு நின்ற பக்கத்திலிருந்து நாலு அடி பின்னால் போனார்.

"நான் தொட மாட்டேன் சார். பெட்டியவும் தொட மாட்டேன், பிள்ளையவும் தொட மாட்டேன். அது நல்லபடியாப் போய்ச் சேரட்டும்."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் மகேசு. "கழுவுனா போயிரும்."

"எனக்குப் போகாதுத்தா."

சார் அவளைப் பார்த்தார். "பிள்ளை சொல்றது சரிதான். கழுவுனா போகும். ஆனா தினமும் மருந்துல நின்னுக்கிட்டே கழுவுனாப் போகாது." கொஞ்சம் யோசித்தார். பிறகு வரிசையாகச் சொன்னார். பெட்டி இங்கேயே இருக்கட்டும். புதுப்பெட்டி, புதுத்துணி. காரியாபட்டிப் பக்கம் மகேசின் கல்லூரித் தோழி வீடு இருக்கிறது. விவசாயக் குடும்பம், பட்டாசுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அங்கே வைத்து எல்லாவற்றையும் அடுக்கட்டும். புறப்படுகிற வரை கருப்பையாவும் பேச்சியம்மாளும் வேலைக்கு வர வேண்டாம். அவர்களும் அங்கேயே போய்விடட்டும்.

"சீசன் சார்" என்றார் கருப்பையா.

"சீசன் எனக்குத் தெரியாதா?"

கலக்குகிற ஆள் ஒரு நாள் வராவிட்டால் பின்னால் இருக்கிற அத்தனை அறைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அன்று சாயங்காலம் முதலாளியிடமிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். முதலாளியின் குரல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. சார் அமைதியாகக் கேட்டுவிட்டு, "கலக்குறதுக்கு ஆள் இருக்கு முதலாளி. லோடு நிக்காது" என்றார். யார் என்று கேட்டிருக்க வேண்டும். "நான்தான்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

மறுநாள் விடிகாலை கலக்கும் அறை வாசலுக்கு வந்தேன். வேலாயுதம் சார் வெறுங்காலோடு, பழைய துண்டு ஒன்றை இடுப்பில் கட்டி நிற்கிறார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். வயசான காலத்தில் மேனேஜர் மருந்து கலக்க வந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. இளவயதில் இந்த வேலையில்தான் தொடங்கினார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நான் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினேன். அவர் அசையவில்லை.

"போர்மேன், சோதிக்காம உள்ள விடுறீகளா?"

"சார், நீங்க..."

"நான் இன்னைக்குக் கலக்க வந்த ஆளு. நீங்கதான் போர்மேன்."

இரண்டு கையையும் தூக்கி நின்றார். என் வாழ்க்கையில் நான் சோதித்ததிலேயே பெரிய மனிதர். இடுப்பைத் தடவியபோது விரலில் ஏதோ கயிறு தட்டியது.

"சார்... அரைஞாண் வெள்ளியா?"

"வெறுங்கயிறுதான். ஆனா கேட்டீக பாருங்க, அது நல்லது." பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்களுக்கு என்ன அண்ணாச்சி, வேர்த்து ஊத்துது?" என்றார்.

அண்ணாச்சி என்றதும் எனக்கு இன்னும் கொஞ்சம் வேர்த்தது. அவர் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்து உள்ளே போனார். சல்லடை அசைகிற சத்தம் கேட்டது. அந்த மெல்லிய, சீரான சத்தம் கருப்பையாவினுடையது போலவே இருந்தது. அன்று எந்த அறையிலும் வேலை நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னையும் காரியாபட்டிக்குப் போகச் சொன்னார். "விமானம் ஏத்திவிட்டு வாங்க. போன உடனே குளிங்க. உங்க உடம்புல இடம் ஜாஸ்தி, மருந்தும் ஜாஸ்தி இருக்கும்" என்றார். அவர் செய்த ஒரே ஜோக் அது. அதற்கும் நான்தான் கிடைத்தேன்.

தோழியின் அப்பா சீனிவாசன் நல்ல மனிதர். மிளகாய், கத்தரி போட்டிருந்தார். பம்புசெட்டுக்குக் கீழே கருப்பையா நிற்கிறார். சீயக்காய், புளி, எலுமிச்சை, தேங்காய் நார் எல்லாம் பக்கத்தில். கையைத் தேய்த்துத் தேய்த்து முழங்கை சிவந்துபோயிருந்தது. தண்ணீர் வாய்க்காலில் வெள்ளியாக ஓடியது.

"ஏன் அண்ணாச்சி, என் கத்திரிக்கா வெடிக்காதுல்ல?" என்றார் சீனிவாசன்.

"வெடிச்சா அடுத்த வருசம் எங்க கம்பெனிக்கே சப்ளை பண்ணுங்க" என்றேன். நானும் இறங்கினேன். நான் முங்கியதும் தொட்டியில் தண்ணீர் வழிந்து பாத்தி ஒன்று தானாகவே பாய்ந்துவிட்டதென்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

அன்றுதான் வாங்கி வந்த புதுப்பெட்டியையும் துணிகளையும் வைக்க அவர்கள் ஒதுக்கியிருந்த அறைக்குள் மகேசு போனாள். போன வேகத்தில் வெளியே வந்து சிரிக்க ஆரம்பித்தாள். சுவரை ஒட்டி ஏழெட்டு உரமூட்டை.

"மாமா, இதுக்கும் எங்கப்பா கலக்குற வெடியுப்புக்கும் ஒரே வம்சம். அந்த மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சீனிவாசன் தலையில் கையை வைத்தார். "அப்ப நானும் வெடி கம்பெனிதானா தாயி?"

இந்த மாவட்டத்தில் மருந்து ஒட்டாத வீடு எங்கே இருக்கிறது? மகேசு கவலைப்படவே இல்லை. "ஊர மாத்தி ஒண்ணும் ஆகாது மாமா. கைதான் சுத்தமா இருக்கணும். மாடியில வச்சுக்கிடலாம். எங்கம்மாதான் அடுக்கணும்" என்றாள்.

பேச்சியம்மாள் தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி வந்து, துவைத்துக் காயவைத்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கருப்பையா மாடிக்கு வரவில்லை. கீழே படியில் உட்கார்ந்து, மேலே கேட்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினால், "அங்கன வச்சிட்டுப் போத்தா" என்பார். அவள் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுப்பார்.

"கை சுத்தமாத்தானய்யா இருக்கு" என்றேன்.

"மேல சுத்தம். உள்ள எம்புட்டு இருக்குன்னு யாரு கண்டா? சார் அந்தச் சல்லடையப் புடிச்சுக்கிட்டு நிக்காரு. என்னால இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா அவரு மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

திருவனந்தபுரத்திலிருந்து விமானம். தென்காசி, செங்கோட்டை வழியாகக் காரில் போனோம். முன்சீட்டில் கருப்பையா, பின்னால் மகேசு, அவள் அம்மா, நான். நான் உட்கார்ந்த பிறகு மிச்சமிருந்த இடத்தில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மலையேறும்போது வாந்தி வருகிறதென்று வண்டியை நிறுத்தச் சொன்ன ஒரே ஆள் நான்தான். பயணம் போகிற பிள்ளை எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

விமான நிலைய வாசலில் டிரைவர் பின்கதவைத் திறந்தார். பெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைக்க வேண்டும். நான் கையை நீட்டினேன்.

"நீங்க இருங்க மாமா, மூச்சு வாங்கும்" என்றாள் மகேசு. திரும்பி, பத்தடி தள்ளித் தூணோரம் நின்றவரைப் பார்த்தாள். "அப்பா, வந்து பெட்டிய எடுத்து வைங்க."

கருப்பையா தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

"தாயி, கடைசி நேரத்துல எதுக்கு..." என்றேன். பயந்தவன் என்று சொல்லித்தானே எனக்கு வேலையே கொடுத்தார்கள்.

"எதுக்கா? நாலு நாளா நார் போட்டுத் தேச்சாரே, அது எதுக்கு மாமா?" அவள் குரல் உயரவில்லை. "எப்பா, பின்னால கார் நிக்குது. ஆரன் அடிக்கான் பாருங்க. தூக்குங்க."

பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். கருப்பையா வந்தார். வேட்டியில் கையைத் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்தினார். கைப்பிடியைப் பிடித்தார். ஒரே தூக்கு. வண்டியில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்க அவருக்கு மனமில்லை. மகேசு அந்தக் கையின் மேலேயே தன் கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

எங்களுக்கு அதற்கு மேல் அனுமதியில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றோம். பெட்டி ஒரு மிஷினுக்குள் போய் வந்தது. அங்கே நின்ற அதிகாரி அதைத் தனியாக எடுத்து ஒரு மேசையில் வைத்தார். நிறையப் பெட்டிகள் போயின. இதை மட்டும் எடுத்தார்.

அவர் ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். ஜிப் ஓரமாகத் துடைத்தார். பிறகு கைப்பிடிக்கு வந்தார். மேலே, கீழே, உள்பக்கம், சாவகாசமாகத் துடைத்தார். கருப்பையா பிடித்த அதே இடம். துணியை மிஷினுக்குள் வைத்தார்.

"இருக்கன்குடி ஆத்தா, எம்புள்ளையப் பத்திரமா அனுப்பு. உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்" என்றார் பேச்சியம்மாள்.

"ஏம்மா, வேண்டுதல்லயும் நெருப்புத்தானா? வேற எதுவும் கெடைக்கலையா?" என்றேன். பயத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

கருப்பையா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தீர்ப்பு கேட்க நிற்கிறவர் மாதிரி நின்றார்.

அதிகாரி மிஷினைப் பார்த்தார். மகேசைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.

எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். சிவகாசிப் பக்கம் என்றிருக்கிறாள். "அப்படியென்றால் தீபாவளிக்கு முன்னால் புறப்படலாமா?" என்றாராம். போய்ச் சேர்ந்து போன் பண்ணும்போது சொன்னாள். குறித்த நாளில் பதிந்தாள், படித்தாள், பட்டம் வாங்கினாள். சூடில்லாத வெளிச்சத்தைப் பற்றி அவள் எழுதிய புத்தகத்தை எனக்கும் ஒன்று அனுப்பினாள். அதில் எனக்குப் புரிந்தது, முதல் பக்கத்தில் இருந்த அவள் பெயர்.

அன்று கண்ணாடிக்கு வெளியே வெகுநேரம் நின்ற பிறகு கருப்பையா என்னிடம் கேட்டார்.

"போர்மேன், அந்த மிசினு பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லாது."

"அப்பம், என் கை சுத்தம்னு கவர்மெண்டே சொல்லிருச்சு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிக்கும்போதே முகம் கோணிப்போனது. நான் வேறு பக்கம் திரும்பி, அங்கே போகிற விமானத்தை ஆராய்ச்சி செய்தேன். எனக்கும் ஒரு ஆராய்ச்சி வேண்டாமா?

மறுநாள் விடிகாலையில் கருப்பையா வேலைக்கு வந்துவிட்டார். கலக்கும் அறை வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். ஒரு நடை மருந்து கலந்து முடித்துவிட்டு வேலாயுதம் சார் வெளியே வந்தார். முழங்கை வரை வெள்ளி. புருவத்தில் வெள்ளி. மூக்கு நுனியில் கொஞ்சம். எங்களைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றார்.

"பெட்டியத் தொடச்சுப் பாத்தாகளா?"

"பாத்தாக சார்" என்றேன்.

"எங்கன?"

"கைப்பிடியில."

"கைப்பிடிய யாரு புடிச்சிருந்தா?"

கருப்பையா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். சார் ஓரடி கிட்டே வந்து, தன் கை பட்டுவிடாமல் பின்னால் வைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தார். உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண். நகக்கண்ணில் கூட ஒன்றுமில்லை.

"நான் உள்ள போறேன் சார். நீங்க குளிங்க" என்றார் கருப்பையா.

"வேண்டாம் கருப்பையா. இன்னைக்கு ஒரு நாள் அந்தக் கை அப்படியே இருக்கட்டும். நாளைக்கு வாங்க."

"சார், லோடு..."

"வீட்டுக்குப் போங்க."

சார் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். சல்லடை அசைகிற சத்தம் மறுபடியும் கேட்டது. கருப்பையா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கைகளையும் எதிலும் படாமல் முன்னால் பிடித்தபடி, நிறைகுடம் கொண்டு போகிறவர் மாதிரி மெதுவாக, கேட்டைத் தாண்டி வீட்டுக்கு நடந்தார்.